சாதா அறைக்கான சங்கு

பூ...ம் என்று கப்பலின் சங்கு அலறியதும் தையல்காரர் கட்டிலுக்கடியில் கையை விட்டு லைஃப் ஜாக்கெட்டை இழுத்தார். பதற்றத்தில் அதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார். ஆயுசுக்கும் ஊராருக்குச் சட்டை தைத்த மனிதருக்கு அந்த நேரத்தில் எது கழுத்து, எது கை என்று தெரியவில்லை.

"எழுந்திரு, எழுந்திரு! கப்பல் போச்சு!"

கட்டிலில் சாய்ந்திருந்த அவர் மனைவி ஒரு விரலை உயர்த்தினாள். "சும்மா இருங்க. ஏதோ சொல்றாங்க."

கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் தேன் தடவிய ஒரு பெண் குரல் வந்தது. "அன்புக்குரிய விருந்தினர்களே, இரவு விருந்து தொடங்குகிறது. வாருங்கள், விரும்பியதைத் தேர்ந்தெடுங்கள்."

"சாப்பாட்டுக்குக் கூப்பிடறாங்க. அதுக்குப் போய் இந்தக் கூத்தா? முதல்ல அதைக் கழட்டுங்க. உங்க கஸ்டமர் யாராவது பாத்தா பொழப்பு போயிடும்." சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்து, இன்சுலின் ஊசியை எடுத்து வயிற்றில் போட்டுக்கொண்டாள்.

அதுதான் அவர்கள் செய்த தவறு. வேறு யாராக இருந்தாலும் தட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊசி போட்டிருப்பார்கள். இவர்கள் வீட்டு வழக்கம் வேறு. கீழே அவர் கடை ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டதும் மாடியில் அவள் ஊசி போடுவாள். அவர் படியேறிக் கை கழுவுவதற்குள் இரண்டு தட்டும் வந்துவிடும். சத்தத்தை நம்பியே குடித்தனம் நடத்தியவர்கள் சங்கையும் நம்பிவிட்டார்கள்.

இந்தப் பயணம் ஒரு பரிசு. நூல் கம்பெனி ஒன்று தையல்காரர்களுக்கு நடத்திய குலுக்கலில் விழுந்தது. சாதா அறை. ஆனாலும் கட்டில், கண்ணாடி, தரை வரை தொங்கும் கருநீலத் திரை எல்லாம் இருந்தன. மதியம் ஏறியவுடன் கடலைப் பார்க்கலாம் என்று திரையை விலக்கினார். பின்னால் சுவர் இருந்தது. வெறும் சுவருக்கு எதற்குத் திரை என்று கேட்டதற்கு, "ஜன்னல் இல்லாத குறை தெரியக்கூடாதுன்னுதான் சார்" என்றான் பெட்டி தூக்கி வந்த ஆள். துணி நல்ல துணி. தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இருவரும் தாழ்வாரம் தாண்டி, படியேறி, கண்ணாடிக் கதவு போட்ட உணவகத்துக்குப் போனார்கள். வாசலில் நின்ற சிப்பந்தி அவர்கள் மணிக்கட்டைப் பார்த்தான். ஏறும்போது எல்லோருக்கும் ஒரு பட்டை மாட்டியிருந்தார்கள். மேல்தளத்துக்குத் தங்க நிறம், பால்கனி அறைக்கு நீலம், சாதா அறைக்குச் சாம்பல்.

"மன்னிக்கணும் சார். இது உங்க சங்கு இல்ல."

"எங்க சங்கு இல்லையா? எங்க அறையிலயும் கேட்டுச்சே தம்பி!"

"கேக்கும் சார். ஆனா அது பால்கனி அறைக்காரங்க சங்கு. நீங்க கேட்டு சந்தோஷப்படலாம், வரக்கூடாது."

"அப்ப எங்களுக்கு எப்ப சங்கு ஊதுவீங்க?" என்று கேட்ட பிறகுதான், கேள்வி கெட்ட சகுனமாக இருக்கிறதே என்று தையல்காரருக்கு உறைத்தது.

"மேலே எல்லாரும் திருப்தின்னு சொன்னதும் ஊதுவோம் சார்."

"எப்ப சொல்லுவாங்க?"

சிப்பந்தி யோசித்தான். "இதுவரைக்கும் சொன்னதில்ல."

மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள். "என்னங்க, ஊசி போட்டாச்சே."

அவ்வளவுதான் சொன்னாள். போன வருஷம் ஒரு நாள் ஷட்டரை இறக்கிய பிறகும் கடைக்குள் அவர் அவசரத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது சாப்பாடு தள்ளிப்போய், கூப்பிட வந்த அவள் வெட்டுமேஜை மேல் சாய்ந்துவிட்டாள். கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. அன்று பக்கத்து டீக்கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தார். அதற்கப்புறம் கைப்பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பாள். இன்று அதுவும் இல்லை. வெளி உணவு விருந்து அனுபவத்தைக் கெடுக்கும் என்று துறைமுகத்திலேயே வாங்கி, உறையில் போட்டு முத்திரை குத்தி, இறங்கும்போது திருப்பித் தருவதாகச் சொல்லி சல்யூட் அடித்திருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் குரலே அவருக்கு நம்பிக்கை தரவில்லை.

சிப்பந்தி காட்டிய வழியில் 'உணவுத் தேர்வு ஆலோசனை மையம்' இருந்தது. மேஜைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒரு சரிகைக் கோடு. புன்னகை காலையிலேயே இஸ்திரி போட்டு வைத்ததுபோல மடிப்புக் கலையாமல் இருந்தது.

"வாங்க சார், உக்காருங்க மேடம். சாதா அறையா? ரொம்ப கொடுத்துவச்சவங்க. உங்களுக்குத்தான் எங்ககிட்ட தேர்வுகள் ஜாஸ்தி."

"தேர்வெல்லாம் வேணாம்மா. இவளுக்கு ஊசி போட்டாச்சு. சுகர் இறங்கிடும். ஒரு ஸ்பூன் சர்க்கரை குடுத்தா போதும்."

"சர்க்கரை தனியா எங்க தேர்வுல இல்லையே சார். அது காபியோட வரும். காபி விருந்துக் கடைசியில வரும்."

"சரி, அறைக்கு ரெண்டு ரொட்டியாவது அனுப்புங்க."

"தாராளமா! அறை உணவுங்கறது எங்களோட ரொம்ப பிரபலமான தேர்வு." சொல்லிவிட்டு அவள் முகத்தை அனுதாபமாக மாற்றிக்கொண்டாள். "ஆனா தட்டை ஜன்னலோர மேஜையிலதான் வைக்கணும்னு விதி. உங்க அறையில ஜன்னல் இருக்கா?"

"திரை இருக்கு."

"திரையோரத்துல வைக்க விதி இல்ல சார்."

"தரையில வைங்கம்மா! நாங்க உக்காந்து சாப்பிட்டுக்கறோம்!"

"ஐயையோ, அப்படியெல்லாம் உங்களை அவமானப்படுத்த மாட்டோம்" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். நிஜமாகவே வருந்தினாள். "உங்களுக்கு மூணாவது தேர்வு இருக்கு, நறுமண மாடம். சமையலறைப் புகைக்குழாய்க்கு எதிர்ல சாய்வு நாற்காலி போட்டிருக்கோம். முழு விருந்தையும் மூச்சுல எடுத்துக்கலாம். சாதா அறைக்காரங்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. மேல்தளத்துக்காரங்க கெஞ்சினாக்கூட விட மாட்டோம்."

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். மேலுதட்டில் வியர்வை முத்து கட்டியிருந்தது. குளிர்சாதன அறையில் வியர்க்கிறது என்றால் அது எந்த வியர்வை என்று அவருக்குத் தெரியும்.

"டாக்டர் எங்க இருக்கார்?"

டாக்டர் அடுத்த தாழ்வாரத்தில் இருந்தார். சுத்தமான அறை, சுத்தமான கோட்டு, அதில் இரண்டு சரிகைக் கோடு. தையல்காரர் மனைவியின் நாடியைப் பிடித்தார், இமையை விலக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"பசி" என்றார்.

"ஆமா டாக்டர்."

"பசி வியாதி இல்ல. அது விருந்துப் பிரிவு. மயக்கம்தான் என் பிரிவு. இன்னும் மயங்கலையே?"

"மயங்கறதுக்கு முன்னாடி காப்பாத்தத்தானே கூட்டிட்டு வந்தேன்!"

"அப்படி முன்னாடியே வந்தா நான் எப்படிய்யா வைத்தியம் பாக்கறது? மயங்கினதும் தூக்கிட்டு வாங்க. ராஜ வைத்தியம் பண்றேன்."

டாக்டருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் குளுக்கோஸ் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. தையல்காரரின் கை தானாக அந்தப் பக்கம் நீண்டது.

"அதைக் கேக்காதீங்க" என்றார் டாக்டர். முதன்முறையாக அவர் குரல் இறங்கியது. "குளுக்கோஸ் வாயில போடற பொருள், அதனால எங்களுதுன்னு விருந்துப் பிரிவு சாவியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. பொருள் என் அலமாரியில, சாவி அவங்க இடுப்புல. எனக்கே தலை சுத்தினா நான் அவங்ககிட்டதான் போய் நிக்கணும்."

வெளியே வந்ததும் மனைவி நின்றாள். கால் பின்னியது. "ஷட்டரை இறக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"கடை ஷட்டர். திறந்துபோட்டு வந்துட்டீங்களோன்னு கேக்கறேன்." நாக்கு லேசாகக் குழறியது.

பேச்சு இடம் மாறினால் அடுத்தது என்ன என்று அவர் பார்த்திருக்கிறார். "இறக்கிட்டேன். பூட்டியாச்சு. வா" என்று அவளை அணைத்துப் பிடித்தபடி, வேறு வழி தோன்றாமல், சமையலறை எங்கே என்று அந்தப் புகைக்குழாயைத் தேடிப் போனார். குழாய் இருக்கும் இடத்தில் அடுப்பு இருக்கும். அடுப்பு இருக்கும் இடத்தில் மனுஷன் இருப்பான். காலைப் பிடித்தாவது கேட்கலாம்.

நறுமண மாடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். எல்லாவற்றிலும் சாம்பல் பட்டைக்காரர்கள் கண்ணை மூடி, மூக்கைத் தூக்கிப் படுத்திருந்தார்கள். குழாய் சுவரோடு பதிந்திருந்தது. சமையலறைக்குக் கதவே காணோம்.

"சத்தம் போடாதீங்க" என்றார் ஓரத்து நாற்காலியில் கிடந்த ஒரு பெரியவர். "இப்பத்தான் சூப்பு மாதிரி ஏதோ வந்துச்சு."

தையல்காரர் மூச்சை இழுத்துப் பார்த்தார். எஞ்சின் எண்ணெய் வாசனைதான் வந்தது.

"சமையல் வாசனையே இல்லீங்களே!"

"நான் ரெண்டாந்தடவை வர்றேன்" என்றார் பெரியவர் சலிப்பாக. "போன தடவை வதக்கற வாசனையெல்லாம் வந்துச்சு. இப்ப சேவை ரொம்ப இறங்கிப்போச்சு."

"அப்ப சாப்பிட வழியே இல்லையா?"

"ஏன் இல்ல? நாலாவது தேர்வு இருக்கே, பெரிய விருந்துக்கூடம். மேல்தளத்துக்குத்தான், ஆனா அங்க பட்டையைவிட உடுப்பைத்தான் பாப்பாங்க. ஆம்பளைக்குக் கோட்டு இருந்தா போதும், ஜோடியா உள்ள விட்டுடுவாங்க. நம்மளை மாதிரி ஆளுக்குக் கோட்டுக்கு எங்க போறது?"

தையல்காரர் மனைவியை இழுத்துக்கொண்டு அறைக்கு ஓடினார்.

அவளைக் கட்டிலில் சாய்த்து, கருநீலத் திரையைக் கொக்கிகளோடு பிடுங்கினார். கத்தரிக்கோலையும் துறைமுகத்தில் வாங்கிவிட்டார்கள். ஆனால் சட்டைப் பட்டிக்குள் குண்டூசியும், நூல் கோத்த ஊசியும் இல்லாமல் அவர் வாசல் தாண்டியதே இல்லை. வெட்ட முடியாது, மடிக்கலாம். திரையின் மேல் விளிம்பில் விறைப்பான பட்டை வைத்துத் தைத்திருந்தது. அதைத் திருப்பிக் கழுத்தில் போட்டதும் காலர் ஆயிற்று. மிச்சத்தை இரண்டாக மடித்துத் தோளில் ஊசி குத்தி, கைக்குச் சுருட்டி, ஓரத்தில் நாலு பெரிய தையல் ஓட்டினார். கையை வேண்டுமென்றே நீளமாக விட்டார், சாம்பல் பட்டை மறையவேண்டுமே. திரை கட்டும் கயிற்றை அவள் மணிக்கட்டில் நகைபோலச் சுற்றி அவள் பட்டையையும் மறைத்தார்.

வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவர் தைத்ததில்லை. விரலில் ஊசி ஏறியதுகூடத் தெரியவில்லை. இடையிடையே, "தூங்காத. என்னைப் பாரு. இந்தக் கோட்டு எப்படி இருக்கு, சொல்லு" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"இடது தோள் இறங்குது" என்றாள் அவள், பாதி மயக்கத்தில்.

விருந்துக்கூடத்து வாசலில் மூன்று சரிகைக் கோட்டோடு ஓர் அதிகாரி நின்றார். தையல்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் எந்த தளம்?"

தையல்காரர் கோட்டின் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டார். தளம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லவேண்டும். அதிகாரியின் கண் கோட்டின் கையை நோக்கி மெதுவாக நகர்ந்தது.

சுகர் இறங்கினால் அவர் மனைவிக்கு மயக்கத்துக்கு முன்னால் கோபம் வரும். அது இப்போது வந்தது. "ஏய், தள்ளு! நந்தி மாதிரி வழியில நிக்கறான் பாரு!" என்று ஒரு கத்துக் கத்தினாள்.

அதிகாரி குதிகாலைச் சேர்த்து சல்யூட் அடித்தார். "மன்னிக்கணும் மேடம்! மேல்தளம்னு தெரியாம நின்னுட்டேன்!"

உள்ளே விளக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. வெள்ளை விரிப்பு போட்ட மேஜைகளில் தங்கப் பட்டைக்காரர்கள் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பெரிய தட்டு, கரண்டிகள், மலர்போல மடித்த துணி. தட்டுகள் காலி. அழுக்காகிக் காலியாகவில்லை, ஆரம்பத்திலிருந்தே காலி. யாரும் யாரோடும் பேசவில்லை. கழுத்தில் முத்துமாலை போட்ட ஓர் அம்மாள் கரண்டியை எடுப்பதும், தன் முகத்தை அதில் பார்ப்பதும், வைப்பதுமாக இருந்தார். கூடத்தின் நடுவே உயரமான மேடையில், முலாம்பழத்தையும் ஆப்பிளையும் திராட்சையையும் கொண்டு செதுக்கிய பெரிய அன்னப்பறவை ஒன்று நின்றது. அதைச் சுற்றிப் பட்டுக்கயிறு கட்டியிருந்தது.

தையல்காரர் அந்த மேடைக்குப் பக்கத்து மேஜையில் மனைவியை உட்கார வைத்தார். மேஜையில் சர்க்கரைக் கிண்ணம் இல்லை. உப்புகூட இல்லை. ஒரு பரிசாரகனைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, ஏதாவது இனிப்பா, சீக்கிரம்..."

"உரை முடியட்டும் சார்" என்று பரிசாரகன் கையை விடுவித்துக்கொண்டான்.

தோளே தெரியாமல் சரிகை போட்ட ஒருவர் ஒலிவாங்கியின் முன் வந்தார். விருந்து இயக்குநர். கப்பலில் விருந்துக்கு அவர்தான் கடைசி வார்த்தை.

"மாண்புமிகு விருந்தினர்களே!" என்று ஆரம்பித்தார். "மற்ற கப்பல்களில் சாப்பாடு போடுகிறார்கள். சாப்பாடு எங்கேதான் கிடைக்காது? ரோட்டோரத்தில் கிடைக்கும். நாங்கள் தருவது தேர்வு! பசியோடு இந்தக் கப்பலில் யாரும் விருந்துக்கு வருவதில்லை என்பதில் எங்களுக்குப் பெருமை. ஏனென்றால் பசியோடு வருபவர்களை நாங்கள் உள்ளே விடுவதில்லை."

கைதட்டல் எழுந்தது. சோகையான கைதட்டல்.

தையல்காரர் மனைவியின் கையைப் பிடித்திருந்தார். அது பிடிபட்ட குருவிபோல அவர் உள்ளங்கைக்குள் துடித்தது. "இன்னும் கொஞ்சம்தான்... இதோ முடிச்சுடுவார்" என்று காதில் சொன்னார். தான் பொய் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னார்.

"சாதா அறைகளை நாங்கள் மறந்துவிட்டோம் என்று வெளியே ஒரு புரளி. நான் கேட்கிறேன், உப்பில்லை, உறைப்பில்லை என்று ஒரு சாதா அறைப் பயணியாவது இன்றுவரை குறை சொல்லியிருக்கிறாரா? ஒருவர்கூட இல்லை! மிச்சம் வைத்து வீணடித்தது உண்டா? ஒரு பருக்கைகூடக் கிடையாது! இந்தக் கட்டுப்பாட்டை அடுத்த பயணத்திலிருந்து பால்கனி அறைகளுக்கும், படிப்படியாக மேல்தளத்துக்கும் விரிவாக்க..."

முத்துமாலை அம்மாளின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. அதே நேரம் மேஜையிலிருந்த மற்ற கரண்டிகளும் மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்தன. விளக்குக் கொத்துகள் கோணலாகத் தொங்கின. யாரும் கவனிக்கவில்லை. தையல்காரரும் கவனிக்கவில்லை. அவர் கைக்குள் இருந்த கை காணாமல் போயிருந்தது.

திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலி.

அவர் மனைவி பட்டுக்கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். முகம் வெளுத்து, நெற்றியில் முடி ஒட்டி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பார்வை. இரண்டு கையாலும் அன்னத்தின் கழுத்தைப் பிடித்தாள். மடக்கென்று ஒடித்தாள். தலையிலிருந்து கடித்தாள்.

கூடத்தில் அவள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"கப்பலோட சின்னம்!" என்று வாசல் அதிகாரி அலறிக்கொண்டு ஓடி வந்தார். தையல்காரர் குறுக்கே பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் தோள் குண்டூசிகள் தெறித்தன. கோட்டு மறுபடி திரையாகிக் காலடியில் விழுந்தது. சாம்பல் பட்டை விளக்கொளியில் பளிச்சென்று தெரிந்தது.

"சாதா அறை!" என்று யாரோ கூவினார்கள்.

"சாதா அறைதான்!" என்றார் தையல்காரர். இரண்டு கையையும் விரித்து அவளை மறைத்து நின்றார். "என்னைக் கடல்ல தூக்கிப் போடுங்க. அவ முழுங்கற வரைக்கும் யாரும் கிட்ட வரக்கூடாது. வந்தா நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

பின்னால் அவள் விழுங்கினாள். இன்னொரு துண்டு. அப்புறம் ஒரு கைப்பிடி திராட்சை. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை.

"என்னங்க" என்றது அவள் குரல், தெளிவாக. "எல்லாரும் ஏன் நம்மளையே பாக்கறாங்க? ஐயோ, இந்தப் பறவையை யாரு இப்படிப் பண்ணது?"

தையல்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைப்பதற்குள் விருந்து இயக்குநர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. வாசல் அதிகாரி விலகி வழிவிட்டார். இயக்குநர் பட்டுக்கயிற்றைத் தாண்டினார். தையல்காரரைத் தாண்டினார். ஒடிந்த அன்னத்தை உற்றுப் பார்த்தார். ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, எச்சிலை விழுங்கிவிட்டு, மனைவியின் காதருகே குனிந்து கெஞ்சும் குரலில் சொன்னார்:

"அம்மா, ஒரு இறக்கையை மட்டும் மிச்சம் வைங்க... கேப்டனுக்கும் சாதா அறைதான், காலையிலேர்ந்து கை நடுக்கத்துல அவரால சக்கரத்தைப் பிடிக்கவே முடியல."